துடைப்பு இலாகா

நீங்கள் கொடுத்தனுப்பிய படிவத்தில் ஏழாவது கேள்விக்கு விட்டிருக்கும் இடம் போதாது, டாக்டர். 'வீட்டில் ஈரம் தங்கும் பொருட்கள், பூஞ்சை பிடித்த பொருட்கள் ஏதேனும் உண்டா?' என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு ஒரு விரற்கடை கோடு போட்டிருக்கிறீர்கள். படிவம் அச்சடித்தவர் ஆயுளில் ஒரு மரக்குழலைக் கையில் எடுத்துப் பார்க்காதவர் என்று தெரிகிறது. அவரைக் குறை சொல்லவில்லை. உலகத்தில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் நிம்மதியாக இருக்கிறார்கள். ஆகவே தனித்தாளில் எழுதுகிறேன்.

நான் ஊதுகுழல்களைப் பழுது பார்ப்பவன். கிளாரினெட், ஓபோ எல்லாம் வரும். ஆனால் என் பிழைப்பு பெரும்பாலும் ரெக்கார்டர்தான். கடைப் பலகையில் அந்தப் பெயரைப் பார்த்துவிட்டு, குரல் பதிவு செய்யும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருபவர்கள் மாதத்துக்கு ஒருவராவது உண்டு. அவர்களையும் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துத்தான் அனுப்புவேன். என் ரெக்கார்டர் வாயில் நேராக வைத்து ஊதும் மரக்குழல். மேலே ஏழு துளை, அடியில் கட்டைவிரலுக்கு ஒன்று. ஊதும் முனையில் ஒரு சிறு மரக்கட்டை அடைத்திருக்கும். அதற்கு மேலே உள்ள மெல்லிய சந்து வழியாகத்தான் மூச்சு உள்ளே போகிறது. மூச்சு என்றால் வெறும் காற்று இல்லை என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதில் ஈரம் உண்டு, எச்சில் உண்டு, காலையில் சாப்பிட்டதன் மிச்சமும் உண்டு. அதனால் ஊதி முடித்ததும் குழலைக் கழற்றி, ஒரு குச்சியில் துணி சுற்றி உள்ளே துடைத்து, பெட்டியில் போடாமல் வெளியே ஆறவிட வேண்டும். இதில் தொழில் ரகசியம் ஒன்றும் இல்லை. பல் தேய்க்கத் தெரிந்த எவருக்கும் இது வரும். அத்தானுக்கு வரவில்லை.

அத்தானை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மூன்றாம் வார்டில் சன்னலோரக் கட்டில், தலையணைக்கடியில் சீப்பு, வருகிற நர்ஸ் எல்லாரிடமும் தன் கச்சேரிக் கதை. நுரையீரல் பழைய செருப்புத் தோல் மாதிரி விறைத்துவிட்டது என்று படம் காட்டி விளக்கினீர்களே, அவர்தான். போய் எட்டு மாதம் ஆகிறது. போன வாரம் அவர் மனைவி, என் அக்கா, அதே இருமலோடு உங்கள் எதிரில் வந்து உட்கார்ந்ததும் நீங்கள் பேனாவைக் கீழே வைத்தீர்கள். ஒரே வீட்டில் இரண்டாவது ஆள். அதனால்தான் இந்தப் படிவம். கெட்டிக்காரர்தான் நீங்கள். கொஞ்சம் தாமதம், அவ்வளவுதான்.

அம்மாவும் அப்பாவும் போனபோது எனக்கு ஆறு வயது, அக்காவுக்குப் பத்தொன்பது. எனக்குத் தலை சீவிவிட்டது, காய்ச்சலில் கூட உட்கார்ந்தது, பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டது எல்லாம் அவள்தான். அவளுக்கு ஒன்று என்றால் எனக்கு உயிரே போய்விடும். மற்றதைப் படிக்கும்போது இந்த வரியை மறந்துவிடாதீர்கள்.

குழல் வாங்க வருபவர்களிடம் நான் ஓயாமல் சொல்வது ஒன்று உண்டு. பளபளப்பைப் பார்க்காதீர்கள். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து உள்ளே பாருங்கள், விரிசல் இருந்தால் அங்கேதான் தெரியும். உச்சத்தில் யார் வேண்டுமானாலும் கீச்சென்று ஊதிவிடலாம். அடிச்சுரத்தை மெல்ல, நீளமாக ஊதிப் பாருங்கள், அங்கே தடுமாறினால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். ஆள் புதிது என்றால் பிளாஸ்டிக்கே போதும், கழுவிக் கவிழ்த்தால் வேலை முடிந்தது. யாரும் கேட்பதில்லை. எடுப்பது பளபளப்பானதைத்தான். அக்காவும் அப்படித்தான் எடுத்தாள். ஒரு மாலை அத்தான் ஊதியதைக் கேட்டாள், இரண்டாம் மாதம் கல்யாணம். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்க்கவே இல்லை.

பொய் சொல்லக் கூடாது, அவர் நன்றாக ஊதுவார். நான் ஊதினால் விரல் சரியாக இருக்கும், சுரம் சரியாக இருக்கும், கேட்பவர் கடிகாரத்தைப் பார்ப்பார். அவர் ஊதினால் கடிகாரம் மாட்டிய சுவரே மறந்துபோகும். எனக்கு அதில் பொறாமை இல்லை. ஒருவன் ஊத, ஒருவன் துடைக்க என்று ஆண்டவன் பிரித்து வைத்திருக்கிறான்; அத்தான் தன் பங்கை எடுத்துக்கொண்டதோடு என் பங்கையும் எனக்கு ஞாபகப்படுத்திக்கொண்டே இருப்பார். வீடு ஒன்றுதான். கீழே என் பட்டறை, மேலே அவர்கள். தினமும் சாயங்காலம் பயிற்சி முடிந்ததும் ஈரம் சொட்டச் சொட்ட ஆல்டோவை, அதாவது கைக்கு அடக்கமான அந்த நடுத்தரக் குழலை, என் மேசையில் வைத்துவிட்டுச் சீட்டியடித்துக்கொண்டு படியேறுவார். இருபத்திரண்டு வருஷம் நான் துடைத்தேன். ஒரு கச்சேரி முடிந்து யாரோ பெரிய மனிதர் என்னை யார் என்று கேட்க, "இவரா, நம்ம துடைப்பு இலாகா" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். அன்று முதல் எனக்கு அதுவே பெயர். அவர் பாடம் எடுத்த இசைப் பள்ளியிலிருந்து போன் செய்பவர்கள்கூட, "துடைப்பு இலாகாங்களா?" என்று மரியாதையாகத்தான் கேட்பார்கள்.

இதற்காக ஒருவரைக் கொல்வார்களா என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அதையேதான் சொல்கிறேன். இதற்காக இல்லை.

நான் ஒரு பெரிய ரெக்கார்டர் செய்தேன். தரையில் நிறுத்தினால் இடுப்புக்கு மேல் வரும், அடிக்குரலில் பேசும் ரகம். பேரிக்காய் மரம். கட்டையை உலரவிட்டதே இரண்டு வருஷம், குடைந்து துளை போட்டுச் சுருதி சேர்க்க ஒரு வருஷம். ஊதத் தெரியாதவன் செய்த குழல் என்றாலும் அது நன்றாகவே பேசியது. அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போய் அத்தானிடம் கொடுத்தேன், சொல்லிக்கொள்வதில் வெட்கம் இல்லை. புது மரம் ஈரத்துக்கு மெல்லத்தான் பழகும், முதல் மாதம் நாளுக்குப் பத்து நிமிஷத்துக்கு மேல் ஊதாதீர்கள், வெயில் படாமல் வையுங்கள் என்று சொல்லி, மறந்துவிடுவாரே என்று எழுதியும் கொடுத்தேன். மூன்றாம் நாள் நண்பர் வீட்டு விருந்தில் அதை நாலு மணி நேரம் ஊதியிருக்கிறார். எல்லாரும் மெய்மறந்து போனார்களாம். மறுநாள் பகல் முழுக்க அது காருக்குள், மூடிய கண்ணாடிக்குப் பின்னால், வெயிலில் கிடந்தது. எடுக்கும்போது ஊதுவாயிலிருந்து மூன்றாவது துளை வரைக்கும் வெடித்திருந்தது.

"விடு மாப்ளே, மரம்தானே. இன்னொண்ணு செஞ்சுட்டாப் போச்சு" என்றார்.

அக்கா அவருக்கு ஒரு படி மேலே போய், அவர் என்ன வேண்டுமென்றா செய்தார் என்று என்னிடம் கோபித்துக்கொண்டாள். அதோடு விட்டிருந்தால்கூட நான் விட்டிருப்பேன். மாடிச் சன்னலின் மேல் கொக்கி கைக்கு எட்டாது. அதைத் தள்ளித் திறக்க ஒரு கோல் தேவைப்பட்டது. அடுத்த வாரம் ஒரு ரிப்பேருக்காக மாடிக்குப் போனேன். என் பேரி மரக் குழல் சன்னலோரம் சாத்தி வைத்திருந்தது. நுனியில் கொக்கி பட்ட தழும்பு. நீளம் கச்சிதமாக இருக்கிறது என்று அத்தான் என்னைப் பாராட்டினார்.

அன்று மாலை அவர் ஆல்டோவை மேசையில் வைத்தபோது நான் துடைக்கவில்லை. வேலைநிறுத்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாற்றம் எடுக்கட்டும், நாலு பேர் முன்னால் அவர் மூக்கைச் சுளிக்கட்டும், துடைப்பு இலாகாவின் அருமை அப்போது தெரியும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் திட்டம். இது வரைக்கும் நான் செய்ததைக் குழந்தைகூடச் செய்யும்.

இரண்டு வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை, ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர் கிளாரினெட்டைச் சுத்தம் செய்யக் கொண்டுவந்தார். நெஞ்சுநோய் வார்டில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். நான் அவர் கிளாரினெட்டைக் கழற்றிக்கொண்டிருக்க, அவர் பேச்சுத் துணைக்கு ஒரு கதை சொன்னார். "பூசணம் புடிச்ச குழல ஊதினா நெஞ்சுக்கே ஆகாது தம்பி. எங்க வார்டுல ஒருத்தர் கிடந்தார், ஊதுறவர்தான். வீட்டையே கவுத்துப் போட்டுத் தேடினாங்க. எதுனாலன்னு கண்டுபுடிக்கறதுக்குள்ள போய்ட்டார்." ஊதும்போது இழுக்கிற மூச்சோடு பூஞ்சைத் துகள் உள்ளே போகுமாம். ஊதி முடித்துச் சில மணி நேரம் கழித்து இருமல், லேசான காய்ச்சல். சளி என்றே நினைப்பார்களாம். எல்லாருக்கும் வராது, நூற்றில் ஒருவருக்கு வந்தால் உண்டு என்றார்.

அவர் போன பிறகு அத்தானின் ஆல்டோவை எடுத்து, ஊதுமுனைக் கட்டையைத் தட்டி வெளியே எடுத்துப் பார்த்தேன். கட்டையின் அடியில் சாம்பல் நிறத்தில் மெல்லிய பஞ்சு மாதிரிப் படிந்திருந்தது. அப்போது என் கையில் துணி இருந்தது. அலமாரியில் துடைக்கிற சாராயம் இருந்தது. அரை மணி நேர வேலை.

கட்டையைத் திரும்ப அடித்து வைத்தேன். குழல் வெளியில் கிடந்தால் உலர்ந்துவிடும் என்பதால் பெட்டிக்குள் வைத்தேன். எங்கள் தொழிலில், வறண்ட ஊர்களில், மரம் வெடிக்காமலிருக்கப் பெட்டிக்குள் ஒரு ஈரப் பஞ்சு வைப்பது உண்டு. எங்கள் ஊர் வறண்ட ஊர் இல்லை. நான் பஞ்சு வைத்தேன். நாற்றம் தெரியாமலிருக்க வெளிப்புறத்தில் பாதாம் எண்ணெயோடு ஒரு சொட்டுக் கிராம்பு எண்ணெய் கலந்து தேய்த்தேன். அத்தான் பஞ்சைப் பார்த்துவிட்டு என்ன என்று கேட்டார். விரிசல் விடாமலிருக்க என்றேன். அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. இப்போதுதான் உனக்குப் பொறுப்பு வந்திருக்கிறது, அந்தப் பெரிய குழலுக்கும் இதைச் செய்திருக்கலாமே என்றார்.

மூன்றாம் மாதம் இருமல் வந்தது. பயிற்சி முடிந்து சாப்பிட உட்காரும் நேரத்துக்குச் சரியாக வரும். பள்ளி விடுமுறைக்கு அக்காவும் அவரும் பதினைந்து நாள் கடற்கரை ஊருக்குப் போனார்கள். ஆல்டோவை சர்வீஸுக்கு விட்டுவிட்டுப் போங்கள் என்று நான்தான் வாங்கி வைத்துக்கொண்டேன். அவர் கன்னம் சிவந்து, இருமல் இல்லாமல் திரும்பி வந்தார். கடற்காற்றின் மகிமை என்று அக்கா ஊரெல்லாம் சொன்னாள். நானும் பெட்டியைத் திறந்து பார்த்தேன், சர்வீஸ் நன்றாக நடந்திருந்தது. வந்த அன்றே ஊதினார், அன்றே காய்ச்சல்.

பிறகு உங்களிடம் வந்தோம். படிவத்தில் தொழில் என்ற இடத்தில் அக்கா வெறுமனே 'ஆசிரியர்' என்று எழுதினாள். அதனால் நீங்கள் சுண்ணாம்புக்கட்டித் தூசியைச் சந்தேகப்பட்டீர்கள். அத்தான் கரும்பலகையைத் தொட்டே இருபது வருஷம் இருக்கும். அப்புறம் புறா வளர்க்கிறீர்களா என்று கேட்டீர்கள். அக்கா யோசித்தாள். பக்கத்து வீட்டுச் சன்னல் மாடத்தில் புறாக்கள் அடைகின்றன என்று எடுத்துக் கொடுத்தவன் நான். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நடந்தது ஒரு யாகம், டாக்டர். புறாக்களை விரட்டப் போய்ப் பக்கத்து வீட்டோடு பேச்சு நின்றது. இலவம் பஞ்சுத் தலையணைகள் வெளியே போயின. திரைச்சீலைகள் போயின. அக்கா ஒன்பது வருஷம் வளர்த்த பூனையை அழுதுகொண்டே யாருக்கோ கொடுத்தாள். மாடிச் சுவர் முழுவதும் சுரண்டிப் புது வெள்ளை அடித்தோம். வெள்ளையடிக்கிற மட்டையைப் பிடித்தவனும் நான்தான். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, நீ மட்டும் இல்லையென்றால் நான் என்ன செய்வேன் என்றாள்.

நடுவில் எனக்கு மனம் மாறவே இல்லையா என்று கேட்பீர்கள். மாறியது. பூனை போன அன்று மாறியது. பெட்டியைத் திறந்து பஞ்சை எடுத்துக் குப்பையில்கூடப் போட்டேன். அப்போது மேலே சன்னல் திறக்கும் சத்தம் கேட்டது. கொக்கியில் மரம் இடிக்கும் சத்தம் எனக்கு எங்கிருந்தாலும் தெரியும். புதுப் பஞ்சு எடுத்து நனைத்தேன்.

மூச்சு திணற ஆரம்பித்ததும் உங்கள் வார்டில் சேர்த்தோம். பத்து நாளில் தேறினார். ஆச்சரியப்படாதீர்கள், அங்கே குழல் இல்லை. நுரையீரலுக்குப் பயிற்சி வேண்டும் என்று மூன்று பந்து போட்ட ஒரு பிளாஸ்டிக் சாமானைக் கொடுத்தீர்கள். அத்தானுக்கு அது அவமானமாகப் போய்விட்டது. ஆயிரம் பேர் முன்னால் ஊதியவன் பந்தை ஊதுவதா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். என் குழலைக் கொண்டு வா என்றார். அக்கா போன் செய்தாள். நான் பஸ் பிடித்து, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

பெட்டியைத் திறக்கும் முன் அவர் என்னைப் பார்த்தார். மெலிந்து போயிருந்தார். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக ஒன்று கேட்டார்.

"துடைச்சியா மாப்ளே?"

"துடைச்சிட்டேன் அத்தான்."

அவர் தலையாட்டிவிட்டு ஊதினார். வார்டே அமைதியானது. நீங்கள்கூட வாசலில் நின்று கேட்டீர்கள். நல்ல மூச்சுப் பயிற்சி, தினமும் செய்யட்டும் என்று அக்காவிடம் சொன்னீர்கள். குறை சொல்லவில்லை. இரண்டு மாதம் தினமும் செய்தார்.

கொன்றேன் என்று எழுதத்தான் வேண்டும், எழுதிவிட்டேன். ஆனாலும் நியாயமாகப் பார்த்தால் நூற்றில் ஒருவருக்கு வருவது அவருக்கு வந்தது. நான் கதவைத் திறந்துதான் வைத்தேன், உள்ளே வந்தது அதன் இஷ்டம். அந்தக் குழலுக்கும் நான் ஒரு கெடுதலும் செய்யவில்லை. இன்று வரை அதில் ஒரு கீறல் கிடையாது. மரத்தை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று அவருக்குத் தெரியவில்லை, எனக்குத் தெரியும்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு அக்கா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. அந்த ஆல்டோ அவளுக்கு வேண்டும், ஊதக் கற்றுக்கொள்ள வேண்டும். இதை நான் எதிர்பார்க்கவில்லை. ஆரம்பிப்பவர்களுக்கு அது வேண்டாம் என்று புது பிளாஸ்டிக் குழல் ஒன்று கொடுத்தேன். இரண்டு தடவை கொடுத்தேன், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அவள் அதைக் கையால்கூடத் தொடவில்லை. சரி, சுத்தம் செய்தாவது தருகிறேன் என்றேன். வேண்டாம், அவர் மூச்சு அதில் இருக்கிறது, அதைத் துடைக்கிற வேலை வைத்துக்கொள்ளாதே என்றாள். ஏன் துடைக்க வேண்டும் என்று சொன்னால், ஏன் துடைக்கவில்லை என்றும் சொல்ல வேண்டியிருக்கும். அதனால் விரல் வைக்கக் கற்றுக் கொடுத்தேன். ஐம்பத்தெட்டு வயதில் நன்றாகவே பிடித்துக்கொண்டாள். தினமும் சாயங்காலம் அரை மணி நேரம். மூன்று வாரமாக இருமல்.

அவள் உங்களிடமிருந்து படிவத்தோடு வந்த அன்றே முடிவு செய்துவிட்டேன். அவள் தூங்கும் மத்தியான வேளையில் கட்டையைத் தட்டி எடுத்து, சாராயம் போட்டுத் துடைத்து, வெயில் படாத இடத்தில் ஆறவிட்டுத் திரும்ப வைத்துவிட்டால் அவளுக்குத் தெரியவா போகிறது? அரை மணி நேர வேலை. இருமல் தானாக நிற்கும். நீங்களும் உங்கள் புறாக்களும் நிம்மதியாக இருக்கலாம். இந்தத் தாள்களே தேவைப்படாது.

இன்று சாயங்காலம் அவள் பயிற்சி முடித்து இறங்கி வந்தாள். படியில் இரண்டு இடத்தில் நின்றாள். குழலை என் மேசையில் வைத்தாள், ஈரம் சொட்டியது. மத்தியானம் வரை ஏன் காத்திருக்க வேண்டும் என்று நான் அப்போதே துணியைக் கையில் எடுத்தேன். அடிச்சுரம் தடுமாறுகிறது, உள்ளே ஏதோ அடைத்திருக்கிறது, ஒரு தடவை பார்த்துவிடுகிறேன் என்று சொன்னேன். அவள் இருமலுக்கு நடுவில் சிரித்தாள். என் தலைமுடியைக் கலைத்துவிட்டாள், ஆறு வயதில் செய்ததுபோலவே.

"ஊதுறதப் பத்தி உனக்கு என்னடா தெரியும்? நீ துடைப்பு இலாகா தானே."

பாசமாகத்தான் சொன்னாள். எனக்குத் தெரியும். அவர் சொன்னதை அவர் ஞாபகமாகச் சொல்கிறாள், வேறொன்றும் இல்லை. படியேறிப் போய் மாடிச் சன்னலைத் திறந்தாள். கொக்கியில் மரம் இடிக்கும் சத்தம் கேட்டது.

துணியை மடித்து ஆணியில் மாட்டினேன். பஞ்சை நனைத்துப் பெட்டிக்குள் வைத்து மூடினேன். பிறகுதான் உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன்.

அக்காவுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது, டாக்டர். அதற்காகத்தான் ஒன்று விடாமல் இவ்வளவும் எழுதினேன். படிவத்தை நாளைக்கு அவளிடமே கொடுத்தனுப்புகிறேன். இந்தத் தாள்கள் படிவம் வந்த கவருக்குள் அடங்கவில்லை, என் மேசை இழுப்பறையில் பத்திரமாக இருக்கும். ஏழாவது கேள்விக்கு நேரே ஒரு சொல்லுக்குத்தான் இடம் இருந்தது. 'இல்லை' என்று எழுதியிருக்கிறேன்.